அஸ்பராஜின்: அம்மாவின் தட்டிலிருந்து எதை எடுப்பது?

2024 ஜூன் 3, காலை 10.40 (கேள்வி)

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது கீமோ போட்டாயிற்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் 'அஸ்பாரகஸ் என்ற காயை வேகவைத்து அரைத்துக் குடித்தால் புற்றுநோய் கரையும்' என்று ஒரு பழைய செய்தியை அனுப்பினார். அன்றைக்கே அத்தை பையன் 'அஸ்பாரகஸில் இருக்கும் அஸ்பராஜின்தான் புற்றுநோயைப் பரப்புகிறது, கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று இன்னொன்றை அனுப்பினான். பெரியம்மாவோ ஒரு மாதமாகத் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் கொடுத்துவருகிறார். அதுவும் அஸ்பாரகஸ் இனம்தானாம். பருப்பு, முட்டை, மீன், உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றிலும் அஸ்பராஜின் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு நாளாக அம்மாவுக்கு வெறும் கஞ்சியும் பழமும்தான். இது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 11.15

பருப்பு, முட்டை, மீன் மூன்றையும் நாளைக் காலையே திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள். கீமோ நேரத்தில் கஞ்சியும் பழமும் மட்டும் போதவே போதாது.

லேகியத்தை நிறுத்திவையுங்கள். அடுத்த முறை போகும்போது டப்பாவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குக் காரணம் அஸ்பராஜின் இல்லை, வேறு. பிறகு சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பதினோரு வருடம் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அக்கா மகனுக்கு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தபோது இந்த அஸ்பராஜினோடு வீட்டிலும் மல்லுக்கட்டியவள். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

ஜூன் 4, இரவு 9.50

முதலில் பெயர். 1806இல் பிரான்சில் வோக்லன், ரோபிக்கே என்ற இரண்டு வேதியியலாளர்கள் அஸ்பாரகஸ் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். புரதம் என்ற மாலையில் கோக்கப்படும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். மனிதன் பிரித்தெடுத்த முதல் அமினோ அமிலம் அது. அந்தக் காயிலிருந்து வந்ததால் அஸ்பராஜின் என்று பெயர் நின்றுவிட்டது. அந்தக் காயில்தான் அதிகம் என்று அதற்குப் பொருள் இல்லை. புரதம் உள்ள எந்த உணவிலும் இருக்கும். பால், இறைச்சி, முட்டை, பயறு, சோயா, கொட்டை வகைகள் எல்லாவற்றிலும் உண்டு. அஸ்பாரகஸ் பாவம், பெயரைக் கொடுத்ததற்காகப் பழி சுமக்கிறது.

அடுத்தது முக்கியமானது. நம் செல்கள் அஸ்பராஜினைச் சாப்பாட்டிலிருந்து வாங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. தாங்களே செய்துகொள்ளும்.

செய்முறை இதுதான். அஸ்பார்டேட் என்று இன்னொரு அமினோ அமிலம் இருக்கிறது. சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சுழற்சியிலிருந்து அதன் கார்பன் சட்டகம் வருகிறது. அஸ்பார்டேட்டின் ஓரத்தில் தொங்கும் அமில முனையில் ஒரு நைட்ரஜனைக் கொண்டுவந்து ஒட்டினால் அஸ்பராஜின். நைட்ரஜனைக் கொடுப்பது குளுட்டமின் என்ற வேறொரு அமினோ அமிலம். கொடுத்த பிறகு அது குளுட்டமேட்டாகி நின்றுவிடும். இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு அஸ்பராஜின் சிந்தடேஸ் என்று பெயர். மனித நொதியில் 561 அமினோ அமிலங்கள். அதற்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

அந்த நொதியின் அமைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். அதற்குள் இரண்டு அறைகள். ஒன்றில் குளுட்டமினை உடைத்து அம்மோனியாவை எடுக்கிறது. இன்னொன்றில் செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்து அஸ்பார்டேட்டைத் தயார்படுத்தி வைக்கிறது. அம்மோனியா அப்படியே வெளியே கசிந்தால் செல்லுக்கு நஞ்சு, வேலையும் நடக்காது. அதனால் இரண்டு அறைக்கும் நடுவே புரதத்துக்குள்ளேயே ஒரு குறுகிய சுரங்கம். அம்மோனியா அதன் வழியாகவே அடுத்த அறைக்குப் போய் அஸ்பார்டேட்டோடு சேர்கிறது. மனித நொதியின் படிக வடிவம் 2019இல்தான் வெளியானது. படத்தைத் திரையில் பெரிதாக்கி அந்தச் சுரங்கத்தைத் தேடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எப்போது செய்வது, எவ்வளவு செய்வது என்பதற்கும் காவல் உண்டு. புரதம் கோக்கும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் டிஆர்என்ஏ மூலக்கூறுகள் சுமை கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றால், ஜிசிஎன்2 என்ற காவலாளி அதைக் கண்டுகொள்வான். உடனே செல் மொத்தப் புரத உற்பத்தியையும் குறைக்கும். ஏடிஎஃப்4 என்ற ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் மட்டும் கூடும். அது போய் அஸ்பராஜின் சிந்தடேஸ் மரபணுவை முடுக்கிவிடும். அஸ்பராஜின்தான் குறையவேண்டும் என்று இல்லை, சாப்பாட்டிலிருந்தே வரவேண்டிய எந்த அமினோ அமிலம் குறைந்தாலும் இந்த மணி அடிக்கும்.

ஆகவே, அம்மா பருப்பை நிறுத்தினால் கட்டியின் செல்கள் கைபிசைந்துகொண்டு நிற்கப் போவதில்லை.

ஜூன் 4, இரவு 10.30

மேலே எழுதியதில் ஒரு விட்டகுறை. ஏடிபி செலவாகிறது என்றேன், என்னவாகிறது என்று சொல்லவில்லை. வழக்கமாக மூன்று பாஸ்பேட் உள்ள ஏடிபி (ATP), இரண்டு பாஸ்பேட் உள்ள ஏடிபி (ADP) ஆகும். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதவேண்டியிருக்கிறது, பாடம் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். நல்லவேளையாக இங்கே அந்தக் குழப்பம் இல்லை. இந்த நொதி இரண்டு பாஸ்பேட்டைச் சேர்த்தே பிய்த்துவிடும், மிஞ்சுவது ஒரே பாஸ்பேட் உள்ள ஏஎம்பி (AMP). ஒரு சின்ன மூலக்கூறுக்கு இரட்டைச் செலவு.

ஜூன் 6

அஸ்பார்டேமும் இதுவும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. அஸ்பார்டேம் செயற்கை இனிப்பு. அஸ்பார்டிக் அமிலமும் ஃபினைல்அலனினும் சேர்ந்தது. அஸ்பிரினுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அஸ்பராஜினேஸ் என்று ஒன்றை நாளை எழுதப்போகிறேன், அது அஸ்பராஜினை உடைக்கும் நொதி. 'சிந்தடேஸ்' செய்வது, 'அஸ்பராஜினேஸ்' உடைப்பது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8, மாலை

பிறகு எதற்கு அஸ்பராஜினையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசுகிறார்கள்? ஒரு வகைப் புற்றுநோயில் இது உயிர்காக்கும் விஷயம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அறையில் அடுப்பு கிடையாது. இந்த லுக்கேமியா செல்கள் பெரும்பாலும் அப்படித்தான். சிந்தடேஸ் நொதி அவற்றில் மிகக் குறைவு. ரத்தத்தில் மிதந்துவரும் அஸ்பராஜினை எடுத்துச் சாப்பிட்டே பெருகுகின்றன. மற்ற செல்கள் வீட்டில் சமைக்கிறவை. ஆகவே மெஸ்ஸை மூடிவிட்டால் லுக்கேமியா செல் பட்டினியில் சாகும், மற்றவை சமாளித்துக்கொள்ளும்.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 1953இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்பவர் எலிகளுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டியை ஒட்டவைத்து, முயலில் தயாரித்த எதிர்ப்புச் சீரத்தைச் செலுத்திப் பார்த்தார். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர். அதற்குத் துணையாகக் கினிப்பன்றியின் சீரத்தையும் சேர்த்தார். ஒப்பிடுவதற்காகச் சில எலிகளுக்கு வெறும் கினிப்பன்றிச் சீரம் மட்டும் போட்டார். அந்த எலிகளிலும் கட்டி கரைந்தது! குதிரைச் சீரம், முயல் சீரம் எதுவும் அப்படிச் செய்யவில்லை.

கினிப்பன்றி ரத்தத்தில் அஸ்பராஜினை உடைக்கும் நொதி நிறைய இருப்பதை 1922லேயே கிளமென்டி என்பவர் எழுதிவைத்திருந்தார். அதைக் கட்டியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1956இல் நியூமன், மெக்காய் இருவரும் ஒரு வகைக் கட்டிச் செல் அஸ்பராஜின் இல்லாமல் வளராது என்று காட்டினார்கள். 1961இல் ஜான் புரூம் இரண்டையும் முடிச்சுப்போட்டார். கினிப்பன்றிச் சீரத்தில் வேலை செய்வது அஸ்பராஜினேஸ்தான் என்றார்.

ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்க எத்தனை கினிப்பன்றியைத் தேடுவது? 1964இல் டெலவேரில் மாஷ்பர்ன், ரிஸ்டன் இருவரும் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த அஸ்பராஜினேஸும் கட்டியைக் கரைக்கிறது என்று காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. அறுபதுகளின் நடுவிலேயே நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி. நம் குடலில் இருக்கிற பாக்டீரியா இனம்தான். வசதியுள்ள நாடுகளில் இந்த லுக்கேமியா வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இன்றைக்குப் பிழைக்கிறார்கள். அதில் இந்த நொதிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூன் 9, அதிகாலை

எழுதலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. அஸ்பராஜினேஸ் ஊசி ஆரம்பித்தார்கள், தொடையில் போடுவது. மருந்து ரத்தத்தில் அஸ்பராஜினை உடைக்கிறது என்று எனக்குத் தெரியும். நாமும் சாப்பாட்டில் அதைக் குறைத்தால் மருந்துக்கு உதவியாக இருக்குமே என்று நானே கணக்குப் போட்டேன். அக்காவிடம் முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா நம்பினாள். பதினைந்து நாள் ரசம் சாதமும் ஆப்பிளும்.

பையனுக்குக் கண்ணைச் சுற்றி வீக்கம். பாதத்தில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ரத்தம் எடுத்தார்கள். சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சிவப்பு கீழே இறங்கிய பிறகு மேலே தெளிந்த மஞ்சளாக நிற்கவேண்டிய நீர், பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. ஸ்டீராய்டும் இந்த ஊசியும் சேர்ந்து ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தது. ரத்தத்தில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதமோ மிகவும் இறங்கிக் கிடந்தது.

வார்டு மருத்துவர் அம்மா சத்தம் போடவில்லை. உட்காரவைத்துச் சொன்னார். "இந்த ஊசி போடும்போது கல்லீரல் புரதம் செய்வதே குறையும்மா. ஆல்புமின், ரத்தம் உறையவைக்கும் சத்து, உறையாமல் தடுக்கும் சத்து எல்லாமே இறங்கும். அந்த நேரத்தில் நீங்க புரதத்தையும் நிறுத்திட்டீங்க. குறைக்கவேண்டியது எண்ணெய், நெய். முட்டை வெள்ளை தினம் இரண்டு கொடுங்க."

பிறகு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. ரத்தத்தில் அந்த நொதி இருக்கிற வரைக்கும், சாப்பாட்டிலிருந்து வருகிற அஸ்பராஜினையும் அதுவே உடைத்துவிடும். முட்டை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். நான் பட்டினி போட்டது குழந்தையை. லுக்கேமியாவை இல்லை.

அவன் சாப்பிட்ட முதல் முட்டை வெள்ளை ஞாபகம் இருக்கிறது. மிளகுத்தூள் போடச் சொன்னான். "சித்தி, இனிமே முட்டை நல்லதா?" என்று கேட்டான்.

உங்கள் அம்மாவின் கஞ்சியைப் படித்ததும் இதுதான் கண்முன் வந்தது.

ஜூன் 15

ஆய்வகத்தில் மெஸ் மூடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதுகிறேன், இதில் ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது.

செல் வளர்க்க இரண்டு திரவங்களை அதிகம் பயன்படுத்துவோம். இரண்டும் பார்க்க ஒரே இளஞ்சிவப்பு. ஆர்பிஎம்ஐ 1640 என்பதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அஸ்பராஜின் இருக்கும். டிஎம்இஎம் என்பதில் அஸ்பராஜினே கிடையாது. எத்தனையோ வகைக் கட்டிச் செல்கள் டிஎம்இஎம்மில் வருடக்கணக்கில் கொழுகொழு என்று வளர்கின்றன. வெளியிலிருந்து ஒரு துளி அஸ்பராஜின் தேவைப்படாத புற்றுநோய்ச் செல்கள் எவ்வளவு சகஜம் என்பதற்கு அந்தப் பாட்டில் போதும்.

மோல்ட்-4 என்ற லுக்கேமியா செல்லை அஸ்பராஜின் இல்லாத ஆர்பிஎம்ஐயில் போட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எப்போதும் போலத் திராட்சைக் கொத்துகளாக வளர்ந்து நிற்கிறது. திரவம் மஞ்சளாகத் திரும்பிவிட்டது, அதாவது நன்றாகச் சாப்பிட்டுப் பெருகியிருக்கிறது. புத்தகமே தப்போ என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: திரவத்தில் நாங்கள் பத்து சதவீதம் கன்றுக்குட்டிச் சீரம் சேர்ப்போம். அந்தச் சீரத்தில் அஸ்பராஜின் இருக்கிறது. டயாலிசிஸ் செய்து சின்ன மூலக்கூறுகளை நீக்கிய சீரம் வாங்கி மறுபடி செய்தேன். மூன்றாம் நாள் கொத்துகள் இல்லை. தனித்தனியாக, சுருங்கி, ஓரம் கருத்த செல்கள். திரவம் போட்ட நிறத்திலேயே இருந்தது.

ஆனால் மிகக் குறைந்த அளவு அஸ்பராஜினேஸில் பழக்கி, வாரங்கள் போகப்போக அளவைக் கூட்டினால், அதே மோல்ட்-4 செல்களில் அஸ்பராஜின் சிந்தடேஸ் ஏறிக்கொண்டே போகும், பிறகு அந்த மருந்து அவற்றை அசைக்காது. மேன்ஷன்காரன் அடுப்பு வாங்கிவிட்டான்.

ஜூன் 16

மெஸ் உதாரணத்தை நான்கு பேர் பாராட்டியிருக்கிறீர்கள். நானே அதைக் கொஞ்சம் திருத்தவேண்டும்.

ரத்தத்தில் அஸ்பராஜினைத் துடைத்து எடுத்தாலும் எலும்பு மஜ்ஜைக்குள் கதை வேறு. அங்கே லுக்கேமியா செல்லுக்குப் பக்கத்திலேயே மஜ்ஜையைத் தாங்கும் மெசன்கைமல் செல்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு நல்ல அடுப்பு இருக்கிறது. செய்த அஸ்பராஜினைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுத்துக் காப்பாற்றுகின்றன என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. மெஸ் மூடியிருந்தாலும் பக்கத்து வீட்டு மாமி டிபன்பாக்ஸ் அனுப்பினால் அவன் ஏன் சாகப்போகிறான்?

இன்னொன்று. 'சிந்தடேஸ் குறைவாக இருந்தால் மருந்து வேலை செய்யும், அதிகமாக இருந்தால் செய்யாது' என்று ஆய்வகத்தில் அழகாகச் சொல்லிவிடலாம். நோயாளிகளில் அந்தக் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. இந்த மருந்து குளுட்டமினையும் ஓரளவு உடைக்கும், அதுவும் கணக்கில் சேரும். மெஸ் குறிப்பில் நான் எழுதியது தப்பில்லை, ஆனால் இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரிந்துவிட்டது.

ஜூன் 22, இரவு

இப்போது அத்தை பையன் அனுப்பிய கேம்பிரிட்ஜ் செய்தி.

அது பொய் இல்லை. 2018 பிப்ரவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜின் கிரெகரி ஹானன், லாஸ் ஏஞ்சலிஸ் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையின் சைமன் நாட் ஆகியோருடைய குழு. எலியின் மார்பகக் கட்டிச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தெந்த மரபணு அதிகம் இருந்தால் செல் கட்டியை விட்டுக் கிளம்பி நுரையீரலுக்குப் போகிறது என்று தேடினார்கள். வந்து நின்ற பெயர்களில் ஒன்று அஸ்பராஜின் சிந்தடேஸ்.

அதை அடக்கிப் பார்த்தார்கள். எலிகளுக்கு அஸ்பராஜினேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். தீவனத்தில் அஸ்பராஜினை நீக்கிப் பார்த்தார்கள். மார்பில் இருந்த கட்டியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. தீவனத்தில் அஸ்பராஜினைக் கூட்டினால் பரவல் கூடியது. அவர்கள் தரும் விளக்கம்: ஒரு செல் பக்கத்துச் செல்களோடு ஒட்டியிருக்கும் குணத்தை விட்டு நகரும் குணத்துக்கு மாறும்போது தேவைப்படும் புரதங்களில் அஸ்பராஜின் வழக்கத்தைவிட அதிகம். சரக்கு இல்லையென்றால் அந்த மாற்றம் தடுமாறும்.

நல்ல ஆய்வு. எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அடுப்படிக்குள் கொண்டுவரும்போது எத்தனை படி தாண்டவேண்டும் பாருங்கள். அது எலி, அதுவும் ஒரே மாதிரி எலி, ஒரே வகைக் கட்டி. அந்தத் தீவனம் அமினோ அமிலங்களைத் தனித்தனியாக எடைபோட்டுக் கலந்து, அஸ்பராஜினை மட்டும் விட்டுச் செய்தது. மற்ற அத்தனையும் முழுதாக இருக்கும், எலி புரதப் பஞ்சத்தில் வாடாது. நாம் பருப்பை நிறுத்தும்போது அஸ்பராஜின் மட்டுமா போகிறது? லைசின், லியூசின், இரும்பு, பசி எல்லாம் சேர்ந்தே போகின்றன. நம் ஊர்ச் சமையலில் அஸ்பராஜினை மட்டும் பிரித்தெடுக்க ஒரு வழியும் கிடையாது.

அந்த ஆய்வு வந்த வாரம் உலகமெங்கும் பத்திரிகைகளில் அஸ்பாரகஸ் படம்தான். ஒரு பத்திரிகையாவது தயிர்சாதம் படம் போட்டிருந்தால் மக்களுக்கு இது என்னவென்று உறைத்திருக்கும்.

மாமா அனுப்பியது வேறு கதை. அஸ்பாரகஸ் விழுது புற்றுநோயைக் கரைக்கும் என்று வருடக்கணக்காக மின்னஞ்சலில் சுற்றி, வாட்ஸ்அப் வந்ததும் அதில் ஏறிக்கொண்ட செய்தி. அதற்குப் பின்னால் எந்த மருத்துவ ஆய்வும் இல்லை.

ஜூன் 23

உருளைக்கிழங்கு சிப்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இழையை விட்டு விலகுகிறோம், பரவாயில்லை. உருளைக்கிழங்கில் தனியாக, புரதத்தில் கோக்கப்படாத அஸ்பராஜின் நிறைய உண்டு. சர்க்கரையோடு சேர்த்து 120 டிகிரிக்கு மேல் வறுத்தால் அக்ரிலமைடு என்ற தீங்கான பொருள் உண்டாகும். 2002இல் ஸ்வீடனில் முதலில் வெளிப்பட்டது. அது வேதிப்பொருள் பிரச்சினை, செல்லுக்குள் நடக்கும் அஸ்பராஜின் உற்பத்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவித்த கிழங்கில் அந்தத் தொல்லை இல்லை. வறுவலைக் கருக விடாமல் பொன்னிறத்தில் எடுங்கள்.

ஜூன் 30

லேகியம் பற்றிச் சொல்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம் ஓடிவிட்டது. கேள்வி கேட்டவர் மன்னிக்கவேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சதாவரி என்பதும் அதுதான், அஸ்பாரகஸ் பேரினத்தைச் சேர்ந்தது. பெரியம்மா சொன்னது சரி. நம் வீடுகளில் அதை எதற்குக் கொடுப்பார்கள்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற. மார்பகத்தில் வேலை செய்யும் என்று நம்பித்தானே காலங்காலமாகக் கொடுக்கிறோம்? மார்பகப் புற்றுநோயில் பாதிக்கு மேல் ஹார்மோனைப் பார்த்து வளரும் வகை. அப்படியிருக்க, மருத்துவருக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கீமோ மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தை எந்த லேகியமும் மாற்றலாம் என்பது இன்னொரு காரணம். பெரியம்மாவிடம் கோபிக்காதீர்கள். வேறு ஏதாவது சமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் கை சும்மா இருக்காது.

ஜூலை 7

'அவசியமற்ற அமினோ அமிலம்' என்று பாடப்புத்தகத்தில் அஸ்பராஜினைப் போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் அதை மொத்தமாக நிறுத்தும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்து எல்லாப் புற்றுநோய்க்கும் கொடுத்துவிடலாமே என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்.

அந்தச் சொல்லில் எனக்குப் பிணக்கு உண்டு. சாப்பாட்டில் அவசியம் இல்லை என்பதுதான் பொருள். உடம்புக்கு அவசியம் இல்லை என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். 2013இல் சில குடும்பங்களின் குழந்தைகளில் அஸ்பராஜின் சிந்தடேஸ் மரபணு அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியிலும் பழுதாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தலை சிறியது. மூளை சுருங்கிக்கொண்டே போகும், வலிப்பு வரும், உட்காரக்கூட முடியாது. தாய்ப்பாலில் அஸ்பராஜின் இருக்கிறது, ஆனாலும் மூளையைக் காப்பாற்ற அது போதவில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளவேண்டியிருக்கிறது.

அஸ்பராஜினேஸ் பெரிய புரதம். செல்லுக்குள் போகாது, ரத்தத்தில் இருந்தபடியே வேலை செய்யும். அதனால்தான் வீட்டில் சமைக்கும் செல்கள் தப்பிக்கின்றன. அடுப்பையே அணைக்கும் மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது. அதைச் செய்யும்போது மூளையை நினைக்காமல் இருக்க முடியாது. அஸ்பராஜினேஸே நன்றாக வேலை செய்யும் இன்னொரு நோய் உண்டு, மூக்கில் வரும் என்கே/டி செல் லிம்ஃபோமா. மற்றக் கட்டிகளில் பெரும்பாலானவை அசைவதில்லை, ஏடிஎஃப்4 மணி அடித்து அடுப்பைப் பெரிதாக்கிக்கொள்கின்றன.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதியிருந்தார். அம்மா பாசிப்பருப்பும் அவித்த மீனும் சாப்பிடுகிறாராம். அடுத்த கீமோ தள்ளிப்போகாமல் குறித்த நாளில் போட்டுவிட்டார்கள். படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

லுக்கேமியா வந்த மகளின் அப்பா ஒருவர் கேட்டிருக்கிறார்: 'அஸ்பராஜினேஸ் போட்டு இதுவரை ஒவ்வாமை எதுவும் வரவில்லை. நல்லதுதானே?'

பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இது பாக்டீரியா புரதம். உடம்பு அதை அந்நியன் என்று கண்டு எதிர்ப்புப் பொருள் செய்யும். சிலருக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வெளியே தெரியும். சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் மருந்தை உள்ளே செயலிழக்கவைத்துவிடும். ஊசி போட்டுக்கொண்டே இருப்போம், அஸ்பராஜின் குறையவே குறையாது. இதைக் கண்டுபிடிக்க, ஊசிக்குச் சில நாள் கழித்து ரத்தத்தில் நொதியின் செயல்திறனை அளக்கும் சோதனை உண்டு. மில்லிக்கு 0.1 அலகுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் செய்யமாட்டார்கள். உங்கள் மருத்துவமனையில் வசதி இருக்கிறதா, மாதிரியை வெளியே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

பெக் என்ற நீண்ட வேதிச் சங்கிலியை நொதியில் ஒட்டிய வகை ரத்தத்தில் நீண்ட நாள் நிற்கும், பாதியாகக் குறைய ஐந்தாறு நாள் ஆகும். சாதாரண ஈ. கோலை வகைக்கு ஒரு நாளைக்குச் சற்றுக் கூட. ஒவ்வாமை வந்தவர்களுக்கு எர்வினியா என்ற வேறு பாக்டீரியாவின் நொதி, அது அதைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் அடிக்கடி போடவேண்டும். அந்த மருந்துக்கு உலகளவில் தட்டுப்பாடு இருந்தது. 2021இல் மரபணு மாற்றிய பாக்டீரியாவில் செய்த புதிய வடிவத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அக்கா மகனுக்கு இரண்டாம் கட்டத்தில் ஏழாவது ஊசியில் உடம்பெல்லாம் தடித்தது. அக்கா அவனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்றில் ஒவ்வொரு ஊசிக்கும் நாள், நேரம், மருந்தின் பெயர், பேட்ச் எண், எந்தத் தொடை, அன்று காய்ச்சல் இருந்ததா என்று எழுதிவைத்திருந்தாள். மருத்துவர் அம்மா அந்த நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். ஐந்தாவது ஊசிக்குப் பக்கத்தில் பென்சிலில் 'காதோரம் லேசா சிவப்பு, அரை மணியில் போச்சு' என்று இருந்தது. அங்கே நிறுத்தினார். அன்று மாலையே மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு நோட்டு வாங்கி இன்றைக்கே ஆரம்பியுங்கள்.